தோற்றுப் பழகிய கை

நடுவர் ஐயா அவர்களுக்கும், விடியற்காலையில் எழும்பி அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து ஆட்டம் பார்த்துவிட்டு இங்கேயும் வந்து கொட்டாவி விடாமல் அமர்ந்திருக்கும் திருகோணமலைக் கூடைப்பந்து இரசிகர்களுக்கும் வணக்கம்.

புதிதாகக் கட்டியெழுப்பப்படும் ஓர் அணிக்கு முதலில் வேண்டியது இளம் வீரர்களின் வளர்ச்சியா, வெற்றியா என்பது தலைப்பு. நான் வெற்றிக் கட்சி. எதிரணித் தலைவி அக்கா, "இந்த வருடம் தோற்றால் என்ன, பையன்களை ஆடவிடுங்கள், கடைசி இடம் வந்தால் நல்ல புது வீரனும் கிடைப்பான்" என்றார். அவருக்குப் பின் வந்த தம்பி, தோற்கச் சொல்லவில்லை, பொறுமையாக இருக்கத்தான் சொல்கிறோம் என்றார். மூன்றாமவர் வெற்றியும் வேண்டும், ஆனால் பிறகு என்றார். கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழும் ஏழு சூடு என்பார்கள். ஓர் அணிக்குள்ளேயே மூன்று சூட்டை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

அமெரிக்கக்காரனின் பந்தாட்டத்துக்கு இங்கே என்ன பட்டிமன்றம் என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். ஐயா, கிழக்கில் இந்த ஆட்டத்தை வளர்த்தவர்களில் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகளும் இருக்கிறார்கள். 1990-இல் காணாமல் போன அருட்தந்தை யூஜின் ஹேபர்ட் என்றால் பலருக்குத் தெரியும். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிப் பையன்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவரும் அவர்தான். ஆகவே இது நமக்கும் உரிய பேச்சு.

சரி, விஷயத்துக்கு வருவோம். தோற்றால் பரிசு உண்டு என்கிறார்களே, அந்தப் பரிசு என்ன? ஒரு லொத்தர் சீட்டு. பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே அது லொத்தர்தான். வருடா வருடம் புது வீரர்களை அணிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிவு செய்யும்; அதில் முதல் தெரிவு உரிமை யாருக்கு என்பதைக் குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். 2019-இல் வந்த முறைப்படி, மிக மோசமாகத் தோற்ற மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 14 சதவீத வாய்ப்பு. அதாவது நூறில் 86 தடவை அந்த முதலிடம் வேறு யாருக்கோ போகும். வாய்ப்பு 25 சதவீதமாக இருந்த காலத்தில், 2011-12 பருவத்தில், சார்லட் அணி 7 ஆட்டம் வென்று 59 ஆட்டம் தோற்றது. குலுக்கினார்கள், முதலிடம் நியூ ஓர்லியன்ஸுக்குப் போனது. டெட்ரொயிட் 2023-24-இல் 68 ஆட்டம் தோற்றுவிட்டு, தெரிவு வரிசையில் ஐந்தாவது இடத்தில் போய் நின்றது. வருடம் முழுக்க அழுததற்குக் கூலி அவ்வளவுதான்.

இனி நான் சொல்லப் போவதை எதிரணியினர் எழுதிக்கொள்ளலாம். இரண்டு அணிகள், இரண்டும் 2013-இல் பழையதைக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியவை. ஒன்று பிலடெல்பியா. பொறுமைதான் மருந்து என்று நம்பி மூன்று பருவம் ஆடினார்கள். முதல் பருவம் 19 வெற்றி, அடுத்தது 18, மூன்றாவது 10. மொத்தம் 82 ஆட்டத்தில் 10! மற்றது பொஸ்டன். தன் மூத்த நட்சத்திரங்கள் கெவின் கார்னெட்டையும் போல் பியர்ஸையும் புரூக்ளினுக்குக் கொடுத்து, அந்த அணியின் வருங்காலத் தெரிவு உரிமைகளை வாங்கிக்கொண்டது. முதல் பருவத்தில் 25 வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த பருவம் 40, பிறகு 48, பிறகு 53. தன்னிடம் இருந்த ஆட்களை வைத்து வெல்லப் பார்த்தது. தோற்கிற வேலையைப் புரூக்ளினிடம் விட்டுவிட்டது.

2017 கோடையில் இந்த இரண்டு அணிகளும் ஒரே மேசைக்கு வந்தன. 53 ஆட்டம் வென்ற பொஸ்டன் கையில், புரூக்ளின் புண்ணியத்தில், முதல் தெரிவு இருந்தது. அதைப் பிலடெல்பியாவுக்குக் கொடுத்துவிட்டு மூன்றாம் தெரிவையும் இன்னொரு வருங்கால உரிமையையும் வாங்கியது. பிலடெல்பியா எடுத்தது மார்கெல் ஃபுல்ட்ஸை. பாவம், தோள்பட்டைக் கோளாறு அந்தப் பையனைப் படுத்திவிட்டது, அதில் அவர்மேல் பழியில்லை. பொஸ்டன் எடுத்தது ஜேசன் டேட்டமை. அவருக்கு அப்போது 19 வயது. எங்கே வந்து சேர்ந்தார்? ஏற்கெனவே வென்று பழகிய ஓர் அணிக்குள். முதல் வருடமே பிலடெல்பியாவை இரண்டாம் சுற்றில் 4-1 என்று வெளியேற்றி, என்.பி.ஏ. கிழக்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டம் வரை போனார். கூடவே 21 வயது ஜெய்லன் பிரவுன். 2023-இல் பிலடெல்பியாவின் எம்பீட் அந்தப் பருவத்தின் மிகச்சிறந்த வீரர் விருதை வாங்கினார். அந்த வருடமும் அவர்களை இரண்டாம் சுற்றிலேயே நிறுத்தியது பொஸ்டன்தான். ஏழாவது ஆட்டத்தில் டேட்டம் அடித்தது 51 புள்ளி. 2024-இல் கிண்ணமும் பொஸ்டனுக்கு. பிள்ளையை வளர்த்தது யார், ஐயா?

தோற்கிற அணிக்குள் ஒரு பையன் எதைப் பழகுகிறான் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளில் நானும் அப்படியோர் அணியில் ஆடினேன். பள்ளியின் பெயர் வேண்டாம். "இந்த வருடம் அனுபவத்துக்கு, அடுத்த வருடம் பார்ப்போம்" என்று பயிற்றுநர் முதலிலேயே சொல்லிவிட்டார். முதல் ஆட்டம் தோற்றுத் திரும்பியபோது வான் வண்டிக்குள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது தோல்விக்குப் பிறகு பைலா பாடிக்கொண்டு வந்தோம். எதிராளி என்னைத் தாண்டி ஓடினால் பின்னால் துரத்துவதை நான் எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. அடுத்த வருடம் வந்தது. கால் பழைய பழக்கத்தில்தான் நின்றது.

நம் திருகோணமலைக் கோட்டையடி மான்களைப் பார்த்திருப்பீர்கள். கையில் ஏதாவது இருக்கிறதா என்று நம் பக்கத்திலேயே வந்து நிற்கும். ஆட்ட நிமிடங்களைச் சும்மா அள்ளிக் கொடுத்து வளர்த்த பையனும் அப்படித்தான் நிற்பான்.

டெட்ரொயிட்டைக் கொஞ்சம் முன்னர் ஏசினேன். இப்போது அதே டெட்ரொயிட்டை நியாயத்துக்குக் கூப்பிடுகிறேன். கேட் கன்னிங்ஹம் 2021-இன் முதல் தெரிவு. அவரை வைத்துக்கொண்டே 2023-24-இல் தொடர்ச்சியாக 28 ஆட்டம் தோற்றார்கள். அடுத்த பருவம் என்ன செய்தார்கள்? பயிற்றுநரை மாற்றினார்கள். டோபியாஸ் ஹாரிஸ், மலிக் பீஸ்லி போல ஆடித் தேர்ந்தவர்களைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். 14 வெற்றி 44 ஆனது, கன்னிங்ஹம் சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தெரிவானார். பையன் அதே பையன். கடைசி இரண்டு நிமிடம் பெறுமதியுள்ளதாக மாறியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எதிரணி இனி ஒக்லஹோமா அணியைத் தூக்கிக்கொண்டு வரும். வரட்டும். 2021 டிசம்பரில் மெம்ஃபிஸிடம் 152-79 என்று 73 புள்ளியால் தோற்ற அணி, 2025-இல் சம்பியன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அணியின் முதல் நட்சத்திரம் ஷேய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர், 2019-இல் போல் ஜோர்ஜைக் கொடுத்து வாங்கப்பட்டவர். ஜேலன் வில்லியம்ஸ் 12-ஆம் தெரிவு, அதுவும் கிளிப்பர்ஸ் அணியிடமிருந்து வந்த உரிமை. தோற்றுக் கிடைத்தவர் செட் ஹோல்ம்கிரன், இரண்டாம் தெரிவு. அதை ஒப்புக்கொள்கிறேன், நல்ல வீரர். ஆனால் காயத்தால் அவர் ஒரு நிமிடமும் ஆடாத 2022-23 பருவத்திலேயே அந்த அணி 40 ஆட்டம் வென்றது. "இன்னும் ஒரு வருடம் தோற்போம்" என்று அப்போது அவர்கள் உட்காரவில்லையே!

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா, ஒரு நிமிடம் கேட்கவில்லை, ஒரு வரிதான். எனக்குப் பின் பேச வரும் எதிரணித் தம்பி, மூன்று வருடம் தோற்ற வீட்டுக்கு ஏன் ஃபுல்ட்ஸும் 53 ஆட்டம் வென்ற வீட்டுக்கு ஏன் டேட்டமும் போனார்கள் என்று சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தொடங்கட்டும்.