அருகில் இருப்பவர் செய்யும் உதவி

(குடும்பங்களுக்கான உளநல ஆலோசனைத் தொண்டில் புதிதாகச் சேரும் தன்னார்வலர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, இந்தப் பணிக்குத் தங்கள் நேரத்தைத் தர முன்வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

குடும்பங்களுக்கு உளநல ஆலோசனை வழங்கும் தொண்டு அமைப்பு ஒன்று எதற்காகத் தேவை என்று கேட்டால், மனநல மருத்துவர்கள் போதவில்லை என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அது உண்மைதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 97 கோடிப் பேர், அதாவது எட்டுப் பேரில் ஒருவர், ஏதாவதொரு மனநலப் பாதிப்போடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஆனால் பற்றாக்குறையை மட்டும் காரணமாகச் சொன்னால், மருத்துவர் இல்லாத இடத்தில் ஒப்புக்கு உட்கார்ந்திருப்பவர்கள் என்று நம்மை நாமே குறைத்து எண்ணிக்கொள்ள நேரும். நமக்கென்று தனியாக ஒரு பலம் இருக்கிறது, அது அருகாமை. நோய்க்கு ஒரு பெயர் வைக்கப்படுவதற்கு முன்பே, வீட்டில் ஏதோ சரியில்லை என்று தோன்றும்போதே, ஒரு குடும்பம் நம் கதவைத் தட்ட முடியும். அதே அருகாமைதான் நம்மிடம் உள்ள பெரிய ஆபத்தும். இந்த இரண்டையும் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

லண்டனில் 1953-ஆம் ஆண்டு சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்கள் தம்மைத் தொலைபேசியில் அழைக்கலாம், நேரிலும் வரலாம் என்று அறிவித்தார். வருவோர் பெருகியதால், காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்து உடன் இருப்பதற்காகச் சில தன்னார்வலர்களை அமர்த்தினார். நாளடைவில் அவர் ஒன்றைக் கவனித்தார். காத்திருந்தவர்களில் பலர் அந்தத் தன்னார்வலர்களிடம் பேசியதிலேயே மனப்பாரம் குறைந்து திரும்பிப் போனார்கள். பாதிரியாரைப் பார்க்க வேண்டிய தேவையே அவர்களுக்கு ஏற்படவில்லை. மறு ஆண்டே அந்தப் பணியைத் தன்னார்வலர்களிடம் அவர் ஒப்படைத்தார். இன்று சமாரிட்டன்ஸ் என்று அறியப்படும் அமைப்பு உருவானது இப்படித்தான்.

அரை நூற்றாண்டு கழித்து, ஜிம்பாப்வேயின் தலைநகரான ஹராரேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் இதையே இன்னும் முறைப்படுத்திச் செய்தார். 2006-இல் அவர் தொடங்கிய ‘நட்பு பெஞ்சு’ திட்டத்தில், அந்தப் பகுதி மக்களுக்கு ஏற்கெனவே அறிமுகமான சுகாதாரப் பணியாளர்களான மூதாட்டிகள், சுகாதார மையத்தின் வளாகத்தில் போடப்பட்ட மரப் பெஞ்சில் அமர்ந்து, வருகிறவர்களின் துயரத்தைக் கேட்டார்கள். 24 மையங்களில் 573 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைவிட இந்தப் பெஞ்சில் பேசியவர்களுக்கு ஆறு மாதங்களுக்குப் பிறகு மனச்சோர்வின் அறிகுறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர், பாட்டிகளின் அன்பு ஒன்றே போதுமானதாக இருந்தது என்பதுபோல் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. அந்த மூதாட்டிகளுக்குப் பயிற்சி இருந்தது. உள்ளூர் மொழியிலேயே உருவாக்கப்பட்ட 14 கேள்விகள் கொண்ட படிவம் இருந்தது. பிரச்சினைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்து, அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அடுத்த சந்திப்புக்குள் செய்யக்கூடிய ஒரு சிறு செயலை முடிவுசெய்வது என்ற தெளிவான முறை இருந்தது. தங்களால் கையாள முடியாதவரை மேலே அனுப்புவதற்கு ஆட்கள் இருந்தார்கள். அன்பும் வேண்டும், முறையும் வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று நம்பிப் பணியில் இறங்குவது, வருகிறவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம்.

இனி, ஒரு குடும்பம் முதன்முதலாக உள்ளே வருகிற அந்த அறைக்குள் உங்களை அழைத்துப்போகிறேன். பல சந்திப்புகளில் காணும் பொதுவான கூறுகளைச் சேர்த்து இதைச் சொல்கிறேன். பதினைந்து வயது மகனை அழைத்துக்கொண்டு பெற்றோர் வருகிறார்கள். “எந்நேரமும் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான், இவனைக் கொஞ்சம் சரிசெய்து கொடுங்கள்” என்கிறார் தாய். தந்தை இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். பையனிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் தாயே பதில் சொல்கிறார். பையன் நாற்காலியின் கைப்பிடியை நகத்தால் கீறிக்கொண்டிருக்கிறான். புதிதாக வந்த ஆலோசகர் இந்த இடத்தில் வழக்கமாகத் தடுமாறுவார். தாயை நிறுத்தச் சொன்னால் அவர் அவமானப்படுவார். நிறுத்தாவிட்டால் பையன் வாய் திறக்க மாட்டான். அனுபவமுள்ளவர் தாயிடம், “உங்கள் கவலை எனக்குப் புரிகிறது, நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டேன், இனி அவர் பார்வையிலும் கேட்கிறேன்” என்று சொல்லிவிட்டு, பையனிடம் திரும்பி, என்ன பிரச்சினை என்று கேட்காமல், போன வாரத்தில் எந்த நாள் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்தது என்று கேட்பார். பிறகு காத்திருப்பார். அந்தக் காத்திருப்புதான் கடினம். இருபது நொடி மௌனம்கூட அறையில் இருப்பவர்களுக்கு மிக நீண்டதாகத் தோன்றும். “புதன்கிழமை” என்கிறான் பையன். அன்று என்ன நடந்தது? “ஒன்றும் நடக்கவில்லை. யாரும் மார்க்கைப் பற்றிப் பேசவில்லை.” தந்தை அப்போதுதான் நிமிர்ந்து அவனைப் பார்க்கிறார். அந்த ஒரு மணி நேரத்தில் எதுவும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் சரிசெய்யப்பட வேண்டிய பொருளாக உள்ளே வந்த பையன், வீட்டைப் பற்றி ஒரு தகவல் சொல்லக்கூடிய மனிதனாக வெளியே போகிறான். நமக்கு முதல் நாளில் இது போதும்.

இத்தகைய பையன்கள் விஷயத்தில் காலம் மிக முக்கியம். ரொனால்ட் கெஸ்லரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் நடத்தி 2005-இல் வெளியிட்ட பெரிய ஆய்வின்படி, வாழ்நாளில் ஏற்படும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன. மருத்துவமனைக்கு ஒருவர் போய்ச் சேர்வதோ, பெரும்பாலும் பல ஆண்டுகள் கடந்த பிறகுதான். இடையிலுள்ள அந்த ஆண்டுகளில் அவரோடு இருப்பது குடும்பம். எனவே குடும்பத்தை எப்படிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தே நம் பணியின் தரம் அமையும்.

உளவியல் துறை இந்த விஷயத்தில் பெரிய தவறு செய்திருக்கிறது. மனச்சிதைவு நோய்க்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்ற கருத்து 1948-க்குப் பிறகு பல ஆண்டுகள் செல்வாக்குடன் இருந்தது. ஏற்கெனவே துயரத்தில் இருந்த எத்தனையோ தாய்மார்கள் அதனால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் வீட்டின் சூழலுக்கும் நோயின் போக்குக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. லண்டன் மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பிய நோயாளிகளை 1950-களில் ஜார்ஜ் பிரவுன் தொடர்ந்து கவனித்தபோது, பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களில் பலருக்கு நோய் மீண்டும் முற்றியதையும், விடுதிகளில் தங்கியவர்களுக்கு அது குறைவாக இருந்ததையும் கண்டார். அதைத் தொடர்ந்து நடந்த ஆய்வுகள் மூன்று விஷயங்களைச் சுட்டின: ஓயாத குறைகூறல், வெறுப்பு, அளவுக்கு மீறிய ஈடுபாடு. மூன்றாவதைக் கவனியுங்கள். நாற்பது வயது மகனுக்குத் தானே சட்டைப் பொத்தான் போட்டுவிடும் தாயின் பாசமும் அவனைத் தளர்த்திவிடக்கூடும். இவை குடும்பத்தின் குணக்கேடு அல்ல. களைப்பிலும் அச்சத்திலும் எந்தக் குடும்பத்திலும் வரக்கூடியவை. இன்னொரு நற்செய்தியும் உண்டு: இவற்றைக் குடும்பத்தினர் கற்று மாற்றிக்கொள்ள முடியும். நோயைப் பற்றி விளக்கி, பேசும் விதத்தைப் பழக்கி, வீட்டிலுள்ளவர்களுக்கும் சற்று ஓய்வு கிடைக்க வழிசெய்தால் நோய் திரும்புவது கணிசமாகக் குறைகிறது என்பதை 1980-களிலிருந்து வந்த பல ஆய்வுகள் உறுதிப்படுத்தியிருக்கின்றன.

மேலை நாட்டு ஆய்வுகள் இந்த முடிவுக்கு வருவதற்கு முன்பே, அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர் 1950-களில் நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்து, சிகிச்சையில் அவர்களைப் பங்காளிகளாக்கினார் என்பதை இங்கே நன்றியோடு சொல்லியாக வேண்டும்.

கவனித்துக்கொள்பவரை யார் கவனிப்பது என்ற கேள்விக்கு விடை தந்தவர்களும் பெரும்பாலும் குடும்பத்தினரே. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் அமைப்பை 1951-இல் உருவாக்குவதில் முன்நின்றவர், மது அடிமைத்தனத்திலிருந்து மீண்ட ஒருவரின் மனைவியான லோயிஸ் வில்சன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள மேடிசன் நகரில் 1979-இல் ஒன்றுகூடி மனநோய்க்கான தேசிய அமைப்பைத் தொடங்கியவர்களும், மனநோயால் பாதிக்கப்பட்டவர்களின் குடும்பத்தினர்தான். ஆகவே ஆலோசனை அறையைத் தவிர, குடும்பத்தினர் தங்களுக்குள் பேசிக்கொள்ள மாதம் ஒருமுறை ஒரு கூடம் திறந்திருக்க வேண்டும் என்பதை இந்த அமைப்பின் நிர்வாகிகளிடம் அழுத்திச் சொல்கிறேன். அங்கே நிபுணர் பேச வேண்டியதில்லை. “என் அண்ணனைப் பார்க்கவே எனக்குச் சில நாள் பிடிக்கவில்லை” என்று ஒரு தங்கை சொல்லும்போது, எதிரில் இருக்கும் இன்னொருவர் தலையசைத்தால், எந்த ஆலோசகராலும் தர முடியாத ஆறுதல் அது.

இப்போது ஆபத்துக்கு வருகிறேன். அருகில் இருப்பவரிடம் எளிதாகப் போக முடிகிறது. அருகில் இருப்பவருக்கு நம்மை எளிதாகத் தெரிந்தும்விடுகிறது. காலையில் உங்களிடம் அழுத பெண்ணை மாலையில் பேருந்து நிறுத்தத்தில் நீங்கள் பார்ப்பீர்கள். அவர் முதலில் பேசினாலொழிய நீங்கள் பேசக் கூடாது; அவருடைய கணவரோடு இருக்கும்போது, “இப்போது எப்படி இருக்கிறீர்கள்” என்ற ஒரு கேள்விகூட அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். சந்திப்பை நினைவூட்ட அனுப்பும் குறுஞ்செய்தியில் அமைப்பின் பெயர் வேண்டாம். எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாசலும் பெயர்ப்பலகையும் எந்தப் பக்கம் பார்த்து இருக்கின்றன என்பதுகூட ஆலோசனையின் ஒரு பகுதிதான். நூலகமோ தையல் வகுப்போ நடக்கும் கட்டடத்திலேயே நம் அறையும் இருந்தால், யார் எதற்காக உள்ளே போகிறார்கள் என்று தெருவுக்குத் தெரியாது. நிதி தருபவர்கள் வெற்றிக் கதைகளைக் கேட்பார்கள். பெயரை மாற்றினாலும் ஊருக்கே அடையாளம் தெரிகிற கதையை, எவ்வளவு நன்கொடை வந்தாலும், கொடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இரகசியத்துக்கும் எல்லை உண்டு. வருகிறவரின் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து, குழந்தைக்கு எதிரான கொடுமை, சட்டத்தின் கட்டாயம் ஆகியவற்றில் நாம் பேசாமல் இருக்க முடியாது. இதை நெருக்கடி வந்த பிறகு சொல்வது துரோகம்போல் தோன்றும். முதல் பத்து நிமிடத்திலேயே எளிய சொற்களில் சொல்லிவிடுங்கள்.

கணவன் மனைவியைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவதற்கு முன், ஒவ்வொருவரிடமும் தனியாக ஒருமுறை பேசி, வீட்டில் அடியோ மிரட்டலோ இருக்கிறதா என்று கேட்டாக வேண்டும். இருக்கிறது என்றால் இருவரையும் சேர்த்துப் பேசவைப்பது சமரசம் ஆகாது. அந்த அறையில் மனைவி சொல்லும் ஓர் உண்மைக்கு, வீடு திரும்பியதும் அவர் விலை கொடுக்க வேண்டியிருக்கலாம். குடும்பத்தைச் சேர்த்துவைப்பது நம் கடமை என்ற எண்ணம் நல்லெண்ணம் கொண்டவர்களிடம்தான் அதிகம் இருக்கிறது; அதனாலேயே இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நம் கடமை அந்த வீட்டிலுள்ள மனிதர்களின் நலம்; அவர்கள் ஒரே கூரையின்கீழ் இருப்பது அந்த நலத்துக்கு உதவும்போது மட்டும் நாமும் அதற்கு உதவுவோம்.

தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கத் தயங்குகிறவர்கள் பலர். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் அவர்களுக்கு. ஆய்வுகள் அந்த அச்சத்தை ஆதரிக்கவில்லை. நேராகக் கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார்கள். “வாழ வேண்டாம் என்று தோன்றுகிறதா, எப்படிச் சாவது என்று யோசித்திருக்கிறீர்களா” என்று தெளிவாகக் கேளுங்கள். வழிமுறையை யோசித்து வைத்திருந்தால், அதற்கான பொருள் கைக்கெட்டாத இடத்துக்குப் போக வேண்டும். அன்றைக்கு அவரைத் தனியே அனுப்பக் கூடாது.

இவற்றையெல்லாம் தனியாகச் சுமக்க யாராலும் முடியாது. வாரத்தில் ஒரு மணி நேரம் மூத்த ஆலோசகரிடம் உங்கள் சந்திப்புகளைப் பற்றிப் பேசும் மேற்பார்வை நேரத்தை, கூட்டம் அதிகமாக இருக்கிறது என்று ஒத்திப்போடாதீர்கள். கூட்டம் அதிகமாக இருக்கும் வாரத்தில்தான் அது அதிகம் தேவை. தூக்கம் கெடுகிறது, ஒரு குறிப்பிட்ட குடும்பம் வரும் நாளன்று வரவே மனமில்லை என்றால், அதையும் அங்கே சொல்லுங்கள்.

நம் எல்லையைக் கடந்தவற்றை மருத்துவரிடம் அனுப்பத்தான் வேண்டும். காதில் குரல் கேட்பது, பல நாள் தூக்கமில்லாமல் அளவுமீறிய உற்சாகம், உணவை மறுப்பது போன்றவை பேச்சால் மட்டும் தீராது. ஆனால் ஒரு தாளில் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்தத் தாள் பையிலேயே மடிந்து கிடப்பதுதான் அடிக்கடி நடக்கிறது. குடும்பம் எதிரில் இருக்கும்போதே மருத்துவமனைக்குப் பேசி நாளும் நேரமும் வாங்குங்கள். முதல் முறை அவர்களோடு நம்மில் ஒருவர் போகட்டும். ஒரு வாரம் கழித்து அழைத்து, போனீர்களா என்று கேளுங்கள். போகவில்லை என்றால், கண்டிக்காமல், எது தடுத்தது என்று கேளுங்கள்: பேருந்துச் செலவா, ஒருநாள் கூலி போய்விடும் என்ற கவலையா, மாத்திரை ஆளையே மாற்றிவிடும் என்ற பயமா, பாட்டிக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சமா. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி உண்டு. அதைத் தேடிக்கொடுக்கும் வரை அந்தக் குடும்பத்தின் பெயர் நம் பதிவேட்டில் முடிக்கப்படாமலே இருக்கட்டும்.