முதுகில் யார் பெயர்?

நேயர்களுக்கு வணக்கம். இந்த நேரத்தில் வழக்கமாக விவசாயம், மருத்துவம், சட்ட ஆலோசனை என்று உருப்படியான விஷயம் ஏதாவது பேசுவார்கள். இன்று என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் பயிற்சியாளரும் இல்லை, பழைய ஆட்டக்காரனும் இல்லை. டிக்கெட் வாங்கி, கேலரியில் உட்கார்ந்து, தொண்டை கட்டி வீட்டுக்குப் போகிற ஆள். அந்தத் தகுதியில்தான், ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக் தொடரில் ஆடுகிற நம் ஊர்க் கால்பந்து அணி சென்னையின் எஃப்சி பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். "சென்னையின்" என்று முடித்தால் "சென்னையின் என்ன?" என்று கேட்கத் தோன்றும். 2014-ல் அணி தொடங்கியபோது என் மைத்துனர் அப்படித்தான் கேட்டார். "சென்னையின் கால்பந்து அணி, மாமா, மிச்சத்தை நாமளே போட்டுக்கணும்" என்றேன். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் மிச்சத்தை நாங்கள்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நான் பேச வந்த விஷயம் ஒரு ஜெர்சி. கால்பந்து தெரியாதவர்கள் ரேடியோவை அணைத்துவிட வேண்டாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இது உங்களுக்கும் நடந்திருக்கும். ஜெர்சி வாங்கினால் முதுகில் ஒரு பெயர் போட்டுத் தருவார்கள். யார் பெயர் போடுவது? இதுதான் கேள்வி.

2015-ல் என் மகன் ஆறாம் வகுப்பு. "மெண்டோசா பெயர்தான் வேணும்" என்று அடம். அவன்மேல் தப்பில்லை. ஸ்டீவன் மெண்டோசா, கொலம்பியாக்காரர். அந்த சீசனில் 13 கோல் அடித்து, தொடரிலேயே அதிக கோல் அடித்தவர் அவர்தான். பந்து காலில் வந்ததும் எதிர்த் தடுப்பாட்டக்காரர் முகத்தில் ஒரு கலவரம் தெரியும் பாருங்கள், கேலரியில் இருந்தே தெரியும். சரி என்று போட்டுக் கொடுத்தேன்.

அந்த 2015-ஐக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். தொடரின் நடுவில் நம் அணி புள்ளிப் பட்டியலில் கடைசி. ஆபீசில் கேரளாக்கார நண்பர் ஒருவர் தினமும் காலையில் பட்டியலை வாசித்துக் காட்டுவார், கீழேயிருந்து மேலாக. அதன்பிறகு ஏதோ முடிச்சு அவிழ்ந்த மாதிரி வரிசையாக ஜெயித்து அரையிறுதிக்கு வந்தோம். அப்போது பார்த்து டிசம்பர் வெள்ளம். அந்த வெள்ளத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், மொட்டை மாடியில் நாலு குடும்பம். சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். சொந்த ஊர் ஆட்டம் அடுத்தவன் ஊரில். கொல்கத்தாவை 3-0 என்று அடித்தோம். எனக்கு அது மறுநாள்தான் தெரியும். கரண்டு இல்லை, போனில் சார்ஜ் இல்லை. பால் பாக்கெட் கொண்டுவந்த பையன் சொன்னான், "அண்ணே, மூணு சைபர்." எந்த ஆட்டம், யார் ஜெயித்தார்கள் என்றுகூடச் சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

இறுதி ஆட்டம் கோவாவில், கோவா அணியோடு. 87-வது நிமிடத்தில் கோவா 2-1 முன்னிலை. அவர்கள் ஊர், அவர்கள் கூட்டம். என் மனைவி "முடிஞ்சுபோச்சு, சாப்பிட வாங்க" என்று தட்டு வைத்துவிட்டாள். 90-வது நிமிடம், கோவா கோல்கீப்பர் கட்டிமணி கையில் பட்டுப் பந்து அவர் கோலுக்குள்ளேயே போய்விட்டது. 2-2. கூடுதல் நேரம் போகும் என்று நினைத்துத் தட்டை எடுக்கிறேன், மெண்டோசா மூன்றாவது கோல். கோப்பை நமக்கு. சாம்பார் சாதத்தோடு எழுந்து நின்று கத்தினேன். இன்னும் அந்தத் தட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

சரி, ஜெர்சிக்கு வருகிறேன். அடுத்த வருடம் மெண்டோசா இல்லை, நியூயார்க்கில் ஆடிக்கொண்டிருந்தார். இறுதி ஆட்டத்தில் முதல் கோல் அடித்த பெலிசாரி டெல்லி அணிக்குப் போய்விட்டார். முதல் சீசனின் ஹீரோ எலானோவும் பிரேசிலுக்கே திரும்பிவிட்டார். கோப்பை வாங்கிய அணி 2016-ல் ஏழாவது இடம், எட்டு அணிகளில். என் மகன் மெண்டோசா ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஸ்டேடியத்துக்கு வந்தான். பக்கத்து சீட்டில் இருந்த ஒருவர் முதுகைப் பார்த்துவிட்டு, "தம்பி, இவர் ரிட்டயர் ஆயிட்டாரா?" என்றார். பையன் பதில் சொல்லவில்லை. இடைவேளையில் ஜெர்சியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டான்.

இது எங்களுக்கு மட்டும் நடப்பதில்லை, ஐஎஸ்எல் முழுக்க இப்படித்தான். வெளிநாட்டு ஆட்டக்காரர்களில் பலருக்கு ஒரு வருட ஒப்பந்தம். சீசன் முடிந்ததும் பெட்டி கட்டிக் கிளம்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன், அவர்கள் பிழைப்பு அது. ஆனால் ரசிகனுக்கு? அவன் அதே ஸ்டேடியம், அதே கேட், அதே பார்க்கிங் தகராறு. ஒவ்வொரு வருடமும் முதல் ஆட்டத்தில் பாதிப் பேர் யார் என்று தெரியாமல் நம்பரை வைத்துத்தான் கூப்பிடுவோம். "ஏய் பத்து, பாஸ் பண்ணு!"

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. இதைத்தான் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அலுக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். முதுகில் போடுகிற பெயர் நம்ம ஊர்ப் பெயராக இருக்கட்டும்.

வியாசர்பாடி தெரியுமல்லவா? வடசென்னை. கேரம், குத்துச்சண்டை, கால்பந்து, மூன்றும் அங்கே தெருவில் விளைவது. அங்கிருந்து வந்தவர் தன்பால் கணேஷ். நடுக்களத்தில் ஆடுவார். நடுக்கள ஆட்டக்காரர் என்றால் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் மாதிரி. போட்டோவில் வரமாட்டார், அவர் இல்லையென்றால் சாம்பார் ஒரு பக்கம், இலை ஒரு பக்கம் போகும். எதிராளி பந்தைப் பறித்து, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். தொண்ணூறு நிமிடமும் அதே வேலை.

2018 மார்ச், அரையிறுதி இரண்டாம் ஆட்டம். நேரு ஸ்டேடியம், மறுபடி அதே கோவா. முதல் ஆட்டம் அங்கே 1-1. நானும் மகனும் போயிருந்தோம், பையன் அப்போது எட்டாம் வகுப்பு. முதல் பாதியில் நம் முன்கள ஆட்டக்காரர் ஜேஜே தலையால் ஒரு கோல். கூட்டம் உட்காரவே இல்லை, நம் பக்கம் ஒரு ஃப்ரீ கிக். நெல்சன் அடித்த பந்து வளைந்து வருகிறது. ஜேஜேதான் மறுபடி எழும்புவார் என்று எல்லோரும் அவரையே பார்க்கிறோம். எழும்பியது கணேஷ். பந்து வலைக்குள். இரண்டு கோலுக்கும் நடுவில் நாலைந்து நிமிடம்கூட இல்லை.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? முதல் கோலுக்குக் கத்தியது வேறு, இதற்குக் கத்தியது வேறு. எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர், கைலி கட்டியவர், எழுந்து நின்று பின்பக்கம் திரும்பினார், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எங்களையெல்லாம் பார்த்து, நெஞ்சில் கையை வைத்து, "எங்க ஏரியா! எங்க ஏரியாப் பையன்!" கண்ணில் தண்ணீர். அவருக்கும் கணேஷுக்கும் என்ன உறவு என்று தெரியாது. ஒருவேளை உறவே இல்லாமலும் இருக்கலாம். மெண்டோசா எத்தனை கோல் அடித்தார்! ஒரு தடவையாவது யாராவது இப்படித் திரும்பி நின்றார்களா? நின்று நான் பார்த்ததில்லை.

கடைசி நிமிடங்களில் ஜேஜே இன்னொன்று. 3-0. நாலு நாள் கழித்து பெங்களூரில், பெங்களூர் அணியோடு இறுதி ஆட்டம். சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே கோல் அடித்தும், நமக்கு மைல்சன் தலையால் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. 3-2, இரண்டாவது கோப்பை. அதை நீட்டப் போவதில்லை, ஏற்கெனவே நீட்டிவிட்டேன்.

மகன் அந்த வருடம் கேட்ட ஜெர்சி, கணேஷ். சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்தேன். நம்ம ஊர்ப் பையன், எங்கே போய்விடப் போகிறார்?

அவர் எங்கும் போகவில்லை. முழங்கால் போய்விட்டது. 2018-19 சீசன் முழுக்க ஆடவே முடியவில்லை. சாம்பியன் அணி அந்த சீசனில் 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, ஒன்பது புள்ளி, கடைசி இடம். கணேஷ் இல்லாததால்தான் தோற்றோம் என்று சொன்னால் என் ஆபீஸ் நண்பரே சிரிப்பார். ஜேஜேவுக்குக் கோல் வரவில்லை, கேப்டன் செரெனோ போய்விட்டார், பின்வரிசை நேரத்துக்கு நேரம் தூங்கியது. ஆனால் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நடுவில் இருந்த ஓட்டை தெரியும். பந்தி விசாரிக்க ஆள் இல்லை.

இன்னொரு கதை சொல்கிறேன், இதுவும் அதே கதைதான். 2019 டிசம்பரில் ஓவன் கோய்ல் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர் பயிற்சியாளராக வந்தார். அவர் வரும்போது நாம் கீழே கிடந்தோம். நம் ஆட்டக்காரர்கள் வால்ஸ்கிஸ், கிரிவெலாரோ, சாங்தே மூவரும் வேகமெடுத்தார்கள் பாருங்கள், கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸை 6-3 என்று அடித்தோம். மறுநாள் காலை அந்த நண்பர் ஆபீசுக்கு லீவு. வயிற்று வலி என்று சொன்னார். அந்த வேகத்தில் இறுதி ஆட்டம் வரை போனோம். 2020 மார்ச் 14, கொரோனா வந்துவிட்டது, கோவாவில் காலி ஸ்டேடியம். டிவியில் ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுகிற சத்தம்வரை கேட்டது. எதிரணி, கொல்கத்தாவின் ஏடிகே, 3-1 ஜெயித்தது.

அந்த ஆட்டத்தில் நம் பக்கம் எட்வின் சிட்னி வான்ஸ்பால், சென்னைப் பையன். எதிர்ப்பக்கம் மைக்கேல் சூசைராஜ், குமரி மாவட்டக் கடற்கரைக்காரர். இருவருமே ஒரு காலத்தில் சென்னை சிட்டி என்கிற வேறொரு அணிக்கு ஆடியவர்கள். அந்த சென்னை சிட்டி, கோவையை வீடாக வைத்துக்கொண்டு 2018-19-ல் ஐ-லீக் என்கிற இன்னொரு தேசியத் தொடரின் கோப்பையே வாங்கியது. அங்கே ஆடிய இன்னொரு சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். அவர் எங்கே போனார்? டெல்லி, ஒடிசா, பிறகு ஈஸ்ட் பெங்கால். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் பல வருடம் கழித்து டெர்பி, அதாவது ஒரே ஊர் அணிகள் மோதுகிற ஆட்டம், ஜெயித்தது. கொல்கத்தாவே கொண்டாடியது. எட்வினும் அதே வருடம் அங்கேதான். நான் டிவி முன்னால் உட்கார்ந்து, ஜெயித்தது நம் ஆளா, வேற ஆளா என்று தெரியாமல் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

கோய்ல் விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். அவர் ஜம்ஷெட்பூர் அணிக்குப் போனார், வால்ஸ்கிஸும் கூடவே. பிறகு 2022 ஜனவரியில் வால்ஸ்கிஸ் மட்டும் நம்மிடம் திரும்பி வந்தார். வந்த கையோடு, அவர் விட்டு வந்த ஜம்ஷெட்பூர் அந்த சீசன் பட்டியலில் முதலிடம் பிடித்து ஷீல்டை வாங்கியது! கோய்ல் 2023-ல் இங்கேயே திரும்பினார். அவர் வந்த அதே கோடையில் நம் கேப்டன் அனிருத் தாபா மோகன் பகானுக்குக் கிளம்பினார். டேராடூன் பையன், 2016-லிருந்து இங்கே. அவரையும் எங்கள் கேலரியில் நம்ம பையன் என்றுதான் சொல்வோம். ஏழு வருடம் இருந்தால் எந்த ஊரானால் என்ன? ஆக, நம்ம ஊர் என்பதைவிட, அடுத்த வருடமும் இருப்பாரா என்பதுதான் என் கணக்கு. வியாசர்பாடியில் இருந்து வந்தால் இருப்பதற்கு ஒரு காரணம் கூடுதல், அவ்வளவுதான். அதற்கு அணி நிர்வாகமும் பையனைப் பிடித்து வைத்துக்கொள்ள...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். இன்னும் இரண்டு விஷயம் எழுதி வைத்திருந்தேன், ஓட்டமாகச் சொல்கிறேன். ஒன்று, வெளிநாட்டவர் கணக்கு. தொடக்கத்தில் களத்தில் ஒரே நேரத்தில் ஆறு பேர் இறங்கலாம், 2017-ல் ஐந்து, 2021-ல் நாலு. அதாவது நம் பையன்களுக்கு இரண்டு இடம் கூடுதல். அதில் யார் வந்தார்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன், அது இன்றைக்கு இல்லை. இரண்டாவது, கோல்கீப்பர்கள். 2018 கோப்பையில் நின்ற கரன்ஜித் பிறகு கேரளாவுக்கே போனார், விஷால் கைத் மோகன் பகான் போய் அந்த வருடமே சிறந்த கோல்கீப்பருக்கான கோல்டன் கிளவ் வாங்கினார். கோல்கீப்பர் பெயரை முதுகில் போடுவது பற்றி என் மகன் வைத்திருக்கிற கொள்கை ஒன்று உண்டு, அதைச் சொன்னால் சிரிப்பீர்கள்...

ஒரு விரல். அவன் இப்போது வேலைக்குப் போகிறான், ஜெர்சியை அவன் காசிலேயே வாங்கிக்கொள்கிறான். போன தடவை எனக்கும் ஒன்று வாங்கி வந்தான். முதுகில் பெயரே போடவில்லை. "அப்பா, யார் பெயர்னு நீங்களே சொல்லுங்க, கடைக்காரர் பத்து நிமிஷத்துல அடிச்சுத் தந்துடுவார்" என்றான். இன்னும் கவரைப் பிரிக்கவில்லை. வணக்கம்.