கட்டளை இட்டது பொறியாளரா, ஏஜென்ட்டா?

(திரையில்: கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் சாளரம். வரிகள் வேகமாக ஓடுகின்றன.)

2025 ஆகஸ்ட் 26. நிரலாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் என்எக்ஸ் என்ற கருவியின் சில பதிப்புகள், தீங்கு நிரல் நுழைக்கப்பட்டு, நிரல் தொகுப்புகளைப் பகிரும் என்பிஎம் களஞ்சியத்தில் வெளியாயின. ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் அவை அங்கே இருந்தன. நிறுவியவர்களின் கணினியில் அந்த நிரல் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, கிளாட், ஜெமினி, அமேசான் க்யூ ஆகிய ஏஐ ஏஜென்ட்களில் (சொன்ன வேலையைக் கணினியில் தாமே கட்டளைகளை இயக்கிச் செய்யும் மென்பொருள்கள்) ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தது. இருந்தால், அனுமதி கேட்காமல் செயல்படும் முறையில் அதை இயக்கி, கிரிப்டோ வாலட்கள், கணக்குகளைத் திறக்கும் ரகசியச் சாவிக் கோப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடிப் பட்டியலிடச் சொன்னது. திருடன் பீரோவைத் தேடி அலையவில்லை. வீட்டு வேலையாளையே கூப்பிட்டுக் காட்டச் சொன்னான். திருடிய தகவல்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில், பாதிக்கப்பட்டவரின் சொந்தக் கணக்கிலேயே எல்லோரும் பார்க்கும்படி ஏற்றப்பட்டன.

அதற்கு முந்தைய மாதம்தான், நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோடுக்கான அமேசான் க்யூ நீட்சியின் 1.84.0 பதிப்பில், கணினியைத் துடைத்து அழிக்கும்படி ஏஜென்ட்டிடம் சொல்லும் ஏவல் (பிராம்ப்ட்) ஒன்று நுழைக்கப்பட்டிருந்தது. 1.85.0 பதிப்பில் அதை நீக்கினார்கள்.

(திரையில்: பாதுகாப்புக் குழுவின் கண்காணிப்புப் பலகை.)

இப்போது பாதுகாப்புக் குழுவின் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். பயனர் யார்? நம் ஊழியர். புரோகிராம் எது? நிறுவனமே அனுமதித்த ஏஜென்ட். திறந்த கோப்புகள்? அந்த ஊழியருக்கு உரிமையுள்ளவை. எதிலும் சிவப்பு விளக்கு எரியாது. ஏஜென்ட் ஊழியரின் பெயரிலேயே, ஊழியரின் உரிமைகளோடு இயங்குகிறது. ஆகவே, எது நடந்தது என்பதோடு நின்றுவிடாமல், யார் சொல்லி நடந்தது என்பதையும் கண்காணிப்பு சொல்லியாக வேண்டும்.

அதற்கு முதல் தடயம், எந்தப் புரோகிராமை எது இயக்கியது என்ற சங்கிலி. விண்டோஸில், கணினி நிகழ்வுகளைப் பதியும் சிஸ்மான் கருவியின் 1ஆம் எண் நிகழ்வு, புதிய புரோகிராமின் முழுக் கட்டளை வரியையும் அதைத் தொடங்கிய தாய்ப் புரோகிராமையும் சேர்த்தே பதிகிறது. லினக்ஸில் ஆடிட்-டி (auditd) அல்லது இபிபிஎஃப் (eBPF), மேக்கில் எண்ட்பாயின்ட் செக்யூரிட்டி ஆகிய கண்காணிப்பு வசதிகளின் வழியாக இதைப் பெறலாம்.

(திரையில்: இரண்டு மரப் படங்கள். ஒன்றில் டெர்மினல், அதன் கீழே ஏஜென்ட். மற்றொன்றில் என்பிஎம் நிறுவல், அதன் கீழே ஏஜென்ட்.)

இடப்பக்கம் இருப்பது அன்றாட வேலை: மனிதர் டெர்மினலைத் திறந்து ஏஜென்ட்டை அழைக்கிறார். வலப்பக்கம் இருப்பது என்எக்ஸ் தாக்குதல்: ஒரு தொகுப்பின் நிறுவல் நிரல் ஏஜென்ட்டை அழைக்கிறது. நிறுவல் நிரலுக்கு ஏஜென்ட்டோடு என்ன வேலை? அந்த வரிசையைக் கண்டதும் எச்சரிக்கை எழ வேண்டும். அனுமதி கேட்பதைத் தவிர்க்கும் சுவிட்ச் கட்டளை வரியில் இருந்தால் இன்னும் அவசரம்.

இரண்டாவது தடயம் ஏஜென்ட்டின் சொந்தக் குறிப்பேடு. நிரல் எழுதும் ஏஜென்ட்களான கிளாட் கோட், கோடெக்ஸ் போன்றவை ஒவ்வோர் உரையாடலையும் பயனரின் கோப்புறையிலேயே சேமிக்கின்றன. கிளாட் கோடில், பதிவுகளை அனுப்புவதற்கான பொதுத் தரமான ஓப்பன்டெலிமெட்ரி வழியாக நிகழ்வுகளை மைய சர்வருக்கும் அனுப்பலாம். பயனர் தட்டச்சு செய்த வாசகம் மட்டும் இயல்பு நிலையில் அதில் சேராது.

இந்தக் குறிப்பேடு ஏன் தேவை? ஏஜென்ட் படிக்கும் ஒரு கிட்ஹப் புகாரிலோ விளக்கக் கோப்பிலோ யாரோ ஒளித்துவைத்த வாசகம் கட்டளையாக மாறக்கூடும். அப்போது பொறியாளரும் சொல்லவில்லை, ஏஜென்ட்டும் தானாகத் தொடங்கவில்லை. இயங்குதளப் பதிவில் கோப்பு திறந்தது மட்டுமே இருக்கும். அதற்கு முந்தைய நொடியில் ஏஜென்ட் எதைப் படித்தது என்பது உரையாடலில்தான் இருக்கும்.

மறுபுறம், குறிப்பேட்டை மட்டும் நம்பவும் முடியாது. ஏஜென்ட் ஒரு பைத்தான் நிரலை எழுதி ஓட்டினால், அந்த நிரல் உள்ளே எதைத் தொட்டது என்பது இயங்குதளத்துக்கே தெரியும். அதோடு, அந்தக் குறிப்பேட்டை அழிக்கும் உரிமையும் ஏஜென்ட்டுக்கு உண்டு. எனவே பதிவுகள் உடனுக்குடன் கணினியை விட்டு வெளியேறி, ஊழியரின் உரிமை எட்டாத இடத்தில் சேர வேண்டும்.

(திரையில்: ஏஜென்ட்டிலிருந்து வெளி சர்வருக்குச் செல்லும் கோடு.)

2024 நவம்பரில் கிளாட்டை உருவாக்கிய ஆந்த்ரோபிக் நிறுவனம் அறிமுகப்படுத்திய, ஏஜென்ட்டை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறை வழியாக ஏஜென்ட் தன் வேலையை வெளி சர்வரிடம் ஒப்படைக்கலாம். அப்போது கணினியில் தெரிவது ஒரு இணைப்பு மட்டுமே. எந்தெந்த எம்சிபி சர்வர்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்ற பட்டியல் குழுவிடம் இருக்கட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அந்த உரையாடல்களில் பொறியாளரின் ஐயங்கள், தவறி ஒட்டிய கடவுச்சொற்கள், வாடிக்கையாளர் தரவு எல்லாம் இருக்கும். ரகசியங்களை மறைத்த பிறகே சேமியுங்கள். யார் பார்க்கலாம் என்பதை வரையறுங்கள். ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். யார் எவ்வளவு வேலை செய்தார் என்று அளக்க இதை எடுத்தால், அவர்கள் சொந்த மடிக்கணினிக்கு மாறிவிடுவார்கள். அங்கே உங்கள் பார்வை எட்டாது.

(திரையில்: சோதனைக் கணினி.)

ஒரு சோதனைக் கணினியில் போலிச் சாவிக் கோப்பு ஒன்றை வையுங்கள். நிறுவல் நிரல் ஒன்றின் மூலம் ஏஜென்ட்டை இயக்கி அதைப் படிக்கச் செய்யுங்கள். உங்கள் கண்காணிப்புப் பலகையில் ஊழியரின் பெயர் மட்டும் வந்தால், தாய்ப் புரோகிராம் பதிவிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.