கேட்கத் தெரிந்தவர்

(குடியாத்தத்தில் நடந்த படத்திறப்பு நிகழ்ச்சியில் மகள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் உறவினர்களுக்கும் அப்பாவின் தபால் நிலைய நண்பர்களுக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அப்பாவை மகான் என்றார்கள், தியாகி என்றார்கள். ஒருவர் கலியுகக் கர்ணன் என்றே சொல்லிவிட்டார். அப்பா இங்கே உட்கார்ந்திருந்தால் இந்நேரம் டீ குடிக்கிற சாக்கில் எழுந்து வெளியே போயிருப்பார். கர்ணன் கொடுத்தவன். அப்பா வாழ்நாளில் கொடுத்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். சாவு வீட்டில் கண் தானம் கேட்கத் தெரிந்த மனிதர் அவர். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

இந்த ஊரில் அவருக்குத் தெரியாத கதவு கிடையாது. மணியார்டர் கொண்டுபோன வீடுகள் உண்டு, தந்தி கொண்டுபோன வீடுகளும் உண்டு. தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோனதால் இங்கிருக்கும் பிள்ளைகளுக்கு அது தெரியாது. தந்தி என்ற சொல் காதில் விழுந்தாலே, பிரித்துப் படிப்பதற்கு முன்பே, வீட்டில் அழுகை தொடங்கிவிடும். தாளைக் கொடுத்ததும் சைக்கிளைத் திருப்பிவிடக் கூடாது, அவர்கள் படித்து முடிக்கும்வரை வாசலில் நிற்க வேண்டும் என்று அப்பா தனக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். படிக்கத் தெரியாத வீடாக இருந்தால் அவரே படித்துச் சொல்ல வேண்டும். சாவு வீட்டில் எப்படி நிற்பது, எப்போது வாய் திறப்பது என்பதையெல்லாம் அங்கேதான் கற்றிருக்க வேண்டும். பின்னாளில் கண் தானம் கேட்கப் போனபோது அந்தப் படிப்புதான் கைகொடுத்தது.

இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும். கேட்பதற்கு அது நிறைய நேரம் போலத் தோன்றும். சாவு வீட்டில் அது ஒன்றுமே இல்லை. சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், பந்தல்காரர் வர வேண்டும், குளிர்பெட்டி வர வேண்டும், மேளம் வர வேண்டும். இதற்கு நடுவில் போய்க் கேட்டால் முதலில் வரும் பதில், ‘பெங்களூரிலிருந்து அண்ணன் வந்துவிடட்டும்.’ அந்த அண்ணன் குடியாத்தத்தில் நிற்காத ரயிலில் ஏறி, காட்பாடி வரை போய், அங்கிருந்து பஸ் பிடித்துத் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே, ரயிலில் வரும் அண்ணனுக்கு அப்பாவே போன் செய்வார்.

அவர் உள்ளே நுழைகிற விதத்தை நான் கூடவே போய்ப் பார்த்திருக்கிறேன். மாலை போடுவார். பந்தலின் ஓரத்து நாற்காலியில் உட்காருவார். பந்தல்காரருக்கு யார் பணம் எண்ணிக் கொடுக்கிறார் என்று கவனிப்பார். முடிவெடுக்கிறவர் அவர்தான். மருமகன்களிடம் பேசுவதில்லை, ‘பாவம், அவர்கள் எதற்கும் பொறுப்பேற்கப் பயப்படுவார்கள்’ என்பார். செவிலியர் படிப்பு படிக்கும் பேத்தி யாராவது இருந்தால் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடிப்பார். ஆனால் எடுத்த எடுப்பில் கண்ணைக் கேட்க மாட்டார். “முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். இமையை மூடி, ஈரப் பஞ்சு வையுங்கள். தலைக்குத் தலையணை கொடுத்துக் கொஞ்சம் உயர்த்துங்கள். பிறகு வேண்டாம் என்று சொன்னாலும் பரவாயில்லை” என்பார். காற்றில் கருவிழி உலர்ந்துவிடும் என்பதுதான் காரணம். சித்திரை, வைகாசியில் வேலூர்ப் பக்கத்து வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்கிற ஆளை எந்த வீட்டில் வரவேற்பார்கள்? ஏச்சு வாங்குவார், விசிறி மட்டைகளைத் தேடி எடுத்து, வந்தவர்களின் கையில் கொடுப்பார்.

அதன் பிறகுதான் விளக்கம். கண்ணின் முன்னால் கண்ணாடிபோல இருக்கும் மெல்லிய படலமான கருவிழிதான் இன்னொருவருக்குப் பொருத்தப்படுகிறது. அதில் ரத்தக் குழாய் கிடையாது, பொதுவாக ரத்தப் பிரிவும் பொருந்த வேண்டியதில்லை. எடுக்க அரை மணி நேரம்கூட ஆகாது, முகம் கோரமாகாது. கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர், சர்க்கரை நோயாளி என்று யாரும் கொடுக்கலாம். வெறிநாய்க்கடி, எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமி போன்றவற்றால் இறந்தவர்களிடம் எடுக்க மாட்டார்கள். இவ்வளவையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். இரண்டாவது முறை கேட்க மாட்டார்.

வீட்டுக்கு வீடு பேச்சு மாறும். பக்திமான்கள் வீடாக இருந்தால் கண்ணப்பர் வந்துவிடுவார். காளத்தி ஒரு காலத்தில் நம் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது, 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோதுதான் அங்கே போனது. அதனால் கண்ணப்பர் நம் மாவட்டத்துக்காரர் என்பது அப்பாவின் கட்சி. “அவர் உயிரோடு இருக்கும்போதே அம்பால் தோண்டிக் கொடுத்தார். உங்களிடம் அவ்வளவு கேட்கவில்லை” என்பார். வெற்றிலை போடும் பாட்டிகளுக்குச் சுண்ணாம்புக் கதை. 1905-இல் ஐரோப்பாவில் ஓலோமௌட்ஸ் என்ற ஊரில் முதன்முதலாக வெற்றிகரமாகக் கருவிழி பொருத்தப்பட்டவர், சுண்ணாம்பு பட்டுப் பார்வை போன ஒரு கூலித் தொழிலாளி. “உங்கள் இடுப்பில் இருக்கும் அதே சுண்ணாம்புதான் பாட்டி. பேரன் கைக்கு எட்டாமல் வையுங்கள்” என்பார். கண் கிடைக்காவிட்டாலும் சுண்ணாம்பு டப்பா பரண் ஏறிவிடும்.

கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று நடந்ததைச் சொல்லியாக வேண்டும். வைகாசி முதல் நாள் நம் ஊரில் சைக்கிள்கூட நுழைய முடியாது. அன்றைக்குப் பார்த்து ஒரு பெரியவர் இறந்துபோனார். வேலூரிலிருந்து வந்த கண் வங்கி வண்டி ஊருக்கு வெளியே நின்றுவிட்டது. அப்பா தன் டி.வி.எஸ். 50-ஐ எடுத்துக்கொண்டு போய், பனிக்கட்டிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்ட ஒரு பையனைப் பின்னால் ஏற்றி, நெசவாளர் தெருச் சந்துகள் வழியாக, பாவு நீட்டியிருந்த இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். அந்த வீட்டு அம்மா முன்பே சம்மதித்திருந்தார். காரணம் அவரே சொன்னது: “அம்மனுக்குக் கண் திறக்கிற நாளில் வந்து கேட்கிறீர்கள். இல்லை என்று எப்படிச் சொல்வது?” இத்தனை கதை கைவசம் வைத்திருந்த அப்பாவுக்கு அன்றைக்கு அது தோன்றவே இல்லையாம். அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

ஆனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்பினார். ‘முழுசாகப் போகட்டும்’ என்பார்கள், ‘அடுத்த பிறவியில் குருடாகப் பிறந்தால்?’ என்பார்கள். அவர் வாதாடியதில்லை. “சரி அம்மா” என்று சொல்லிவிட்டுச் சுடுகாடு வரைக்கும் கூடவே நடப்பார். மறுத்த வீட்டுப் பதினாறாம் நாள் காரியத்துக்கும் போவார். மறுத்தவர்களில் சிலர், பிறகு தங்கள் வீட்டில் இன்னொரு சாவு விழுந்தபோது தாங்களே அழைத்தார்கள். அவர்களில் சிலரை இந்தக் கூட்டத்திலும் பார்க்கிறேன்.

இந்தப் பெருமையில் பாதியை அம்மாவுக்குப் பிரித்துக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர் குளிக்காமல் உள்ளே வரக் கூடாது. நள்ளிரவானாலும் கொல்லையில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்தவர் மத்தியானம் மறுபடி குளித்ததும் உண்டு. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் ‘எப்போதும் சாவு வீட்டிலேயே இருப்பவராமே’ என்று தரகரிடம் இழுத்தபோது, “அப்படிப்பட்ட வீட்டுக்கு என் பெண்ணைக் கொடுக்க மாட்டேன்” என்று கதவைச் சாத்தியதும் அம்மாதான்.

அப்பா போன விடியற்காலையில் எல்லாம் தெரிந்த நாங்கள்தான் திகைத்து நின்றோம். தம்பி சொன்னான்: “அத்தை வந்து முகத்தைப் பார்த்துவிடட்டுமே.” எத்தனையோ வீடுகளில் அப்பா கேட்ட அதே வாக்கியம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “மின்விசிறியை நிறுத்து.” நான் பஞ்சை நனைத்துப் பிழிந்தேன். அதிகம் நனைந்தால் நீர் காது வழியாக இறங்கும், குறைந்தால் உடனே காய்ந்துவிடும். அவர் கைக்கு அந்த அளவு தெரியும். எனக்கு மூன்றாவது பஞ்சில்தான் சரியாக வந்தது.

இன்று வாசலில் மேசை போட்டு உறுதிமொழிப் படிவம் கொடுக்கிறார்கள். நல்லதுதான், எழுதுங்கள். ஆனால் அப்பா படிவத்தைப் பெரிதாக மதித்ததில்லை: “படிவம் பீரோவில் இருக்கும், ஆள் சுடுகாட்டில் இருப்பான்.” நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் கடைசியில் சம்மதிக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள். நீங்கள் எழுதாவிட்டாலும் அவர்கள் நினைத்தால் கொடுக்கலாம். ஆகவே இன்று இரவு சாப்பிடும்போது பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். மருமகன்களிடமும் சொல்லுங்கள்.

அப்பாவின் கைபேசி எண்ணை ரத்து செய்யவில்லை, அது என்னிடம்தான் இருக்கிறது. எந்த நேரத்திலும் கூப்பிடலாம். பகலில் எனக்குப் பள்ளியில் வகுப்பு இருக்கும். அப்போது தம்பி எடுப்பான். அவனுக்கு இன்னும் சரியாகப் பேச வராது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.