மூன்றேகால் அடிப் பெட்டிக்குள் 36 நாற்காலி! ஒரு தச்சர் குடும்பத்தின் கதை

வணக்கம் மக்களே! நீளம், அகலம், உயரம் எல்லாமே ஒரு மீட்டர். நம்ம கணக்கில் மூன்றேகால் அடி. அப்படி ஒரு பெட்டிக்குள் எத்தனை நாற்காலி அடங்கும்? இரண்டு? நான்கு? 1860-களில் ஒரு குடும்பம் 36 நாற்காலிகளை அடக்கிக் கப்பலில் ஏற்றியது.

பழைய கதையைச் சட்டென்று முடித்துவிடலாம். மிகேல் டோனெட், 1796-ல் ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் பிறந்த தச்சர். ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் அழைத்ததால் 1842-ல் வியன்னா போனார். 1853-ல் தொழிலை ஐந்து மகன்கள் பேருக்கு மாற்றினார். அவ்வளவுதான்.

(திரையில்: ஒரு பச்சைக் குச்சி வளைகிறது)

இனிமேல்தான் விஷயமே. முதலில் அவர் மெல்லிய மரத்தகடுகளைப் பசையில் வேகவைத்து வளைத்தார். கடல் ஈரத்தில் பசை விட்டுப்போனது. முழு மரத்தையே வளைத்தாக வேண்டும். நீங்களும் ஒரு குச்சியை வளைத்துப் பாருங்கள், எங்கே ஒடிகிறது? வெளிவளைவில்! உள்பக்க நார் நசுங்கிக் கொடுக்கும், வெளிப்பக்க நார் இழுபட்டு அறுந்துவிடும். ஆவியில் வெந்த மரம்கூட நன்றாக நசுங்குமே தவிர, லேசில் நீளாது.

டோனெட் வெளிப்பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டையை வைத்து, அதன் இரண்டு முனையையும் மரத்தோடு சேர்த்து இறுக்கிவிட்டார். பட்டை நீளாது, அதனால் மரத்துக்கும் நீள வழியில்லை. வளைக்க வளைக்க மரம் உள்ளுக்குள் நசுங்குகிறது, நார் அறுவதில்லை. அப்படியே இரும்பு அச்சில் பூட்டிக் காயவைத்தால் அந்த வளைவு நின்றுவிடும். ஒரே ஒரு பட்டை மக்களே! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதைக் கேட்டதும் எனக்குப் பத்தமடைப் பாய்தான் ஞாபகம் வந்தது. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிசாகக் கிழித்து நெய்வார்கள். பட்டுப்பாயைத் துணி மாதிரி மடித்துவிடலாம். விறைப்பான ஒன்றை வளைய வைக்க அவர்களுக்கு ஆற்றுத் தண்ணீர், இவருக்குக் கொதிநீர் ஆவி. கோரை இருக்கிற இடத்தில் பாய், ஐரோப்பியக் காடுகளில் வளரும் பீச் (beech) மரம் இருக்கிற இடத்தில் நாற்காலி.

ஆமாம், டோனெட் குடும்பம் தொழிற்சாலையை வியன்னாவில் கட்டவில்லை. இன்றைய செக் நாட்டில், பீச் காடுகள் சூழ்ந்த கோரிச்சானி என்ற சின்ன ஊரில் 1857 வாக்கில் ஆரம்பித்தார்கள். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தச்சர்களே அல்ல, சுற்றுவட்டார ஜனங்கள். பெண்கள் பிரம்பு பின்னினார்கள், மரத்தைத் தேய்த்து மெருகேற்றினார்கள். ஊருக்கே வேலை கிடைத்தது சந்தோஷம்தான். ஆனால் ஒரு முழு நாற்காலியைத் தனியாகச் செய்யத் தெரிந்த கை அங்கே தேவைப்படாமல் போனது. அது சின்ன இழப்பு இல்லை என்பது என் கருத்து.

சரி, அந்த 36-க்கு வருவோம். 1859-ல் வந்த 14-ம் எண் நாற்காலி. பின்கால் இரண்டும் முதுகு வளைவும் சேர்ந்து ஒரே மரம், நடுவில் ஒட்டே கிடையாது. முதுகுக்குள் இன்னொரு வளைவு, முன்கால் இரண்டு, உட்காரும் வளையம், கால்களைப் பிடிக்கும் வளையம். மொத்தம் 6 துண்டு, 10 திருகாணி, 2 நட்டு. கழற்றி அனுப்பினார்கள், போன ஊரில் பூட்டிக்கொண்டார்கள். 1930-க்குள் சுமார் 5 கோடி விற்றது!

1869-ல் இந்த மரம் வளைக்கும் முறைக்கு டோனெட் குடும்பம் வைத்திருந்த காப்புரிமை முடிந்ததும் கோன் போன்ற போட்டிக் கம்பெனிகள் கிளம்பின. டோனெட் குடும்பம் 1889-ல் ஜெர்மனியின் ஃபிராங்கன்பெர்க்கில் தொடங்கிய ஆலை இன்றும் ஓடுகிறது. பம்பாய் ஈரானி ஓட்டல்களில் இந்த வளைமர நாற்காலிகளை இன்றைக்கும் பார்க்கலாம்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டைப் பக்கம் பழைய வீட்டிலோ போட்டோ ஸ்டுடியோவிலோ இப்படிப் பிரம்பு பின்னிய வளைமர நாற்காலி கிடந்தால், தயவுசெய்து விறகுக்குப் போட்டுவிடாதீர்கள். கவிழ்த்து, உட்காரும் வளையத்தின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பெனிப் பேர் போட்ட காகிதச் சீட்டோ அழுத்திய முத்திரையோ இருக்கலாம். இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள் அண்ணாச்சி, அடுத்த வீடியோவில் சேர்ந்து பார்ப்போம்.