நிஜின்ஸ்கி போடாமல் வந்த அரைக்கால்சட்டை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மணி எட்டரை ஆகியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"பாரிஸை மயக்கியது ரஷ்ய பாலேயின் ஆட்டமா, ஆடையா?" என்பது இன்றைய கேள்வி. நான் ஆடைக் கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள், பாலேயில் அந்தப் பேச்சே எடுபடாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பரவாயில்லை. அந்தப் பாதியை முதலில் வாங்குகிறேன், நேரம் இருந்தால் மீதிப் பாதியையும் கேட்கிறேன்.

தியாகிலெவ் என்ற ரஷ்யர் 1909 மே மாதம் தன் பாலே குழுவைப் பாரிஸின் ஷாத்லே அரங்கில் இறக்கினார். அதற்கு முன் பாலே மேடை எப்படி இருந்தது? கதை எகிப்தில் நடக்கட்டும், இந்தியாவில் நடக்கட்டும், நாயகிக்கு ஒரே உடைதான். இடுப்பைச் சுற்றிக் குடைபோல விரிந்து நிற்கும் டூட்டூ, இளஞ்சிவப்புக் காலுறை, பட்டுக் காலணி. எகிப்து இளவரசி என்றால் அதே டூட்டூவின் ஓரத்தில் தாமரைப்பூ தைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். க்ஷெசின்ஸ்கயா போன்ற நட்சத்திரங்கள் சொந்த வைரங்களையே பூட்டிக்கொண்டு மேடை ஏறினார்கள். கதையில் ஏழைப் பெண்ணா என்று யார் பார்த்தது?

அந்த அம்மாவின் இன்னொரு கதையும் உண்டு. 1901இல் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு பாலேக்கு, பாவாடையைப் பக்கவாட்டில் புடைக்கவைக்கும் கூடு ஒன்றைக் கட்டச் சொன்னார்கள். ஆட முடியாது, கட்டமாட்டேன் என்றார். அரச அரங்குகளின் இயக்குநர் இளவரசர் வொல்கோன்ஸ்கி அபராதம் போட்டார். அம்மா ஜார் மன்னரிடம் போனார், அபராதம் ரத்தானது. வொல்கோன்ஸ்கி பதவியை விட்டு விலகினார். ஒரு பாவாடைக் கூட்டால் ஓர் இளவரசரின் வேலை போயிற்று! ஆடை சின்ன விஷயம் என்று எதிரணி சொல்கிறது. வொல்கோன்ஸ்கியிடம் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

அடுத்து ஃபோகின். எதிரணி மூன்று தடவை அவர் பெயரைச் சொன்னது. தியாகிலெவ் குழுவின் நடன அமைப்பாளர், மேதை, ஒப்புக்கொள்கிறேன். அந்த மேதை எதற்காகப் போராடினார்? 1907இல் 'யூனிஸ்' என்ற கிரேக்க-ரோமானியப் பாணி நாட்டியத்தை அமைத்தபோது வெறுங்காலோடு ஆடவிட வேண்டும் என்று கேட்டார். அரச அரங்கில் வெறுங்காலா? முடியாது என்றுவிட்டார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? காலுறையின் மேலேயே பத்து விரலையும் வரைந்து, நகத்துக்குச் சாயமும் பூசி ஆடவைத்தார்கள்! புதிய ஆட்டத்துக்குப் பழைய உடை ஒத்துவராது என்று முதலில் புரிந்துகொண்டவரே அந்த நடன அமைப்பாளர்தான். அவர் எங்கள் சாட்சி, எதிரணி தவறாகக் கூட்டி வந்துவிட்டது.

சரி, இப்போது 1910 ஜூன் 4க்கு வருகிறேன். பாரிஸ் ஓபரா அரங்கு, ஆயிரத்தொரு இரவுகள் கதையை வைத்த 'ஷெஹெரஸாட்' பாலே. திரை விலகுகிறது. மேலே மயில்பச்சையில் பிரம்மாண்டமான ஒரு தொங்கல், கீழே செம்மண்ணும் ஆரஞ்சுமாக விரிப்புகள், நீலக் கதவுகள். அதற்கு நடுவே கணுக்காலில் இறுக்கிய தொளதொளப்பான கால்சட்டைகள், மணிச்சரங்கள், வயிறு தெரியும் மேலுடைகள். பச்சைக்குப் பக்கத்தில் நீலம் வைக்கக்கூடாது என்று அதுவரை மரியாதைப்பட்ட தையல்கடைகளில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பச்சை, நீலம், ஆரஞ்சு மூன்றையும் ஒரே தட்டில் கொட்டினார் ஓவியர் லெயோன் பாக்ஸ்ட். யாரும் ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் கூட்டம் வாய்பிளந்துவிட்டது.

இதில் ராணி வேடம் போட்டவர் ஈடா ரூபின்ஸ்டைன். எதிரணி நண்பர்கள் அவர் பெயரைச் சாமர்த்தியமாகத் தவிர்த்துவிட்டார்கள், காரணம் இருக்கிறது. அவர் சிறுவயதிலிருந்து பயின்ற பாலே கலைஞர் அல்ல. முனைக்காலில் நின்று வித்தை காட்டியவர் அல்ல. நின்றார், சாய்ந்தார், கையை மெல்லத் தூக்கினார். பாரிஸ் சொக்கிப்போயிற்று. முந்தைய ஆண்டு 'கிளியோபாத்ரா'வில் அவரை மம்மிபோலத் தூக்கிவந்து, சுற்றியிருந்த துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். அங்கே ஆட்டம் எது? துணி அவிழ்வதுதானே ஆட்டம்!

"அந்த ஆடை ஒன்றும் மேடையில் பிறக்கவில்லை, தையல்கலைஞர் பால் புவாரே முன்பே போட்டுக்காட்டினார்" என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். நல்ல வாதம், தட்டிக்கழிக்கமாட்டேன். பாக்ஸ்டைப் பார்த்துத் தான் செய்யவில்லை என்று புவாரே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியே வைத்திருக்கிறார். பாக்ஸ்ட் வருவதற்கு முன்பே அவர் பெண்களின் இடுப்பு இறுக்கியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டதும் உண்மை. ஆனால் 1911 ஜூனில் அவர் வீட்டில் நடந்த 'ஆயிரத்து இரண்டாம் இரவு' விருந்தைப் பாருங்கள். சுமார் 300 பேர். பாரசீக உடையில் வராதவர்களுக்கு வாசலிலேயே உடை கொடுத்து மாற்றச் சொன்னார். மனைவியைத் தங்கக் கூண்டில் உட்காரவைத்தார். 'ஷெஹெரஸாட்' மேடையேறி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். 1912இல் பாக்வின் என்ற பெரிய உடை நிறுவனம் பாக்ஸ்டையே கூப்பிட்டுத் தெருவில் உடுத்தும் உடைகளை வரையச் சொன்னதே, அதுவுமா தற்செயல்? யாரும் ஃபோகினைக் கூப்பிட்டுத் தெருவில் நடக்கக் கற்றுத்தரச் சொன்னதாகத் தெரியவில்லை.

இனி நிஜின்ஸ்கி, தியாகிலெவ் குழுவின் நட்சத்திர ஆட்டக்காரர். எதிரணியின் துருப்புச்சீட்டு அவர்தான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறேன். அவருடைய புகழ்பெற்ற தாவலை நான் குறைத்துப் பேசப்போவதில்லை. 'ரோஜாவின் ஆவி' பாலேயில் அவர் ஜன்னல் வழியே பாய்ந்து மறைந்ததும் உண்மை, கூட்டம் மூச்சடக்கிப் பார்த்ததும் உண்மை. அந்த உடையில் தைத்த பட்டு இதழ்கள் உதிர்ந்தால் அவருடைய வேலையாள் பொறுக்கி ரசிகைகளுக்கு விற்றான், அந்தக் காசில் வீடே கட்டினான் என்று குழுவில் கேலியாகச் சொல்வார்களாம். தாவலை விற்க முடியவில்லை, இதழை விற்றான்.

நான் சொல்லவந்தது அது அல்ல. இந்த நிஜின்ஸ்கி பாரிஸுக்கே சொந்தமானது எப்படி? 1911 ஜனவரி, பீட்டர்ஸ்பர்க், மரீன்ஸ்கி என்ற அரச அரங்கு, 'ஜிசெல்' பாலே. அங்கே ஆண்கள் இறுக்கமான காலுறைக்கு மேலே ஒரு குட்டை அரைக்கால்சட்டையும் போட்டுக்கொண்டுதான் ஆட வேண்டும். நிஜின்ஸ்கி பாரிஸில் அணிந்த, ஓவியர் பெனுவா வரைந்த உடையையே அணிந்து, அந்த அரைக்கால்சட்டை இல்லாமல் வந்து நின்றார். அரச குடும்பத்தார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளே வேலைநீக்கம். அதற்குப் பிறகு ரஷ்ய மேடையில் அவர் ஆடவே இல்லை. அதுவரை கோடை விடுமுறையில் வந்து ஆடிக்கொடுத்தவர், அன்றிலிருந்து முழுநேரமும் தியாகிலெவ் குழுவுக்கு ஆனார். நடுவர் அவர்களே, அன்று அவர் குதித்த குதியில் யாரும் குறை சொல்லவில்லை. ஒரு சாண் துணிதான் அவரை அந்த நாட்டு மேடையிலிருந்து வெளியே தள்ளியது.

எதிரணியின் மூன்றாவது பேச்சாளர் 1917இன் 'பராட்' பாலேயை எடுத்தார். பிகாசோ அட்டையில் கட்டடம்போல உடை செய்து ஆட்டக்காரர் தலையில் ஏற்றினார், அதைத் தூக்கிக்கொண்டு மனுஷன் எப்படி ஆடுவான் என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் அந்த உடை பிடிக்காது. 1921இல் லண்டனில் 'தூங்கும் இளவரசி' பாலேக்காக பாக்ஸ்ட் நூற்றுக்கணக்கில் உடை தைக்கவைத்து, 105 காட்சிகள் நடந்தும் கடன் அடையாமல், மேடை அலங்காரங்களும் உடைகளும் கடன்காரர் கைக்குப் போனதையும் நானே சொல்லிவிடுகிறேன், எதிரணிக்கு வேலை மிச்சம். ஆனால் ஒன்று. ஒரு குழுவைத் தூக்கவும் கவிழ்க்கவும் கூடிய பலம் ஆடைக்கு இருந்தது என்றுதானே இதற்கு அர்த்தம்? பாரிஸின் உடை வடிவமைப்பாளர் ஷனேல் 1924இல் 'நீல ரயில்' பாலேக்குக் கடற்கரையில் குளிக்கப் போடும் பின்னல் உடைகளையே தந்தார். அங்கே தெருவும் மேடையும் ஒரே அலமாரியைத் திறந்தன.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன் ஐயா.

"ஆடுகிறவர் இல்லாவிட்டால் ஆடை வெறும் துணி" என்று எதிரணி கைதட்டல் வாங்கியது. 1913 மே 29, பாரிஸ், 'வசந்தச் சடங்கு' பாலே. ஸ்ட்ராவின்ஸ்கி இசை, நிஜின்ஸ்கி நடன அமைப்பு, அரங்கில் கூச்சலும் குழப்பமும். ஓவியர் ரோரிஹ் வரைந்த உடைகள் கனமான கம்பளித் துணி, கையால் தீட்டிய கோலங்கள். அந்த ஆட்டம் பத்துத் தடவைகூட மேடையேறவில்லை. 1920இல் மறுபடி போடலாம் என்றபோது நிஜின்ஸ்கியின் அடவுகளை நினைவில் வைத்திருந்தவர் இல்லை, மசீன் என்ற வேறொரு நடன அமைப்பாளர் புதிதாக அமைத்தார். உடைகள்? அதே ரோரிஹ் உடைகள்தான்! 1987இல் அமெரிக்காவின் ஜாஃப்ரி குழு பழைய ஆட்டத்தை மீட்டெடுக்க முனைந்தபோது, எஞ்சிய குறிப்புகளோடும் ஓவியங்களோடும் அந்த உடைகளும் கைகொடுத்தன. அவற்றில் சில இன்றும் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நிஜின்ஸ்கி ஆடியதற்கோ ஒரு அடிப் படச்சுருள்கூடக் கிடையாது.

எதிரணி அந்தத் தாவலை இந்த மேடைக்குக் கொண்டுவந்து காட்டினால், நான் என் கட்சியை மாற்றிக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.