முட்டைக்கோஸ் வயலில் எழுந்த தொழிற்சாலை

நடுவர் அவர்களே, அரங்கில் கூடியிருக்கும் நண்பர்களே, வணக்கம்.

செக் நாட்டு அரசியல்வாதி எவ்ஜென் தொஷெனோவ்ஸ்கியின் பொதுவாழ்வில் பெரிது எது, சொந்த மண்டலத்தில் செய்த வேலையா, ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் செய்த வேலையா என்பது தலைப்பு. மண்டலத்து வேலைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய சகோதரி, 2009 முதல் 2024 வரை மூன்று முறை அந்த நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவர், தொழில், ஆராய்ச்சி, எரிசக்திக் குழுவில் இருந்தவர், கண்டத்துக்கே சட்டம் எழுதியவர் என்றார். மறுக்கவில்லை. ஆனால் அங்கே அவர் எழுநூற்றுச் சொச்சம் பேரில் ஒருவர். ஒரு சட்டம் பிடிக்கவில்லை என்றால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்று ஓர் ஊர்க்காரருக்குத் தெரியாது. அவர் மேயராக இருந்த ஆஸ்ட்ராவா நகரில் அப்படி இல்லை. அங்கே எல்லாரும் அவர் வாசலுக்குத்தான் வந்தார்கள்.

1993இல் அவர் மேயரானபோது அந்த ஊர் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். 'குடியரசின் எஃகு இதயம்' என்று கம்யூனிஸ்ட் ஆட்சி கொண்டாடிய ஊர். வீதிக்கு அடியில் நிலக்கரி, வீதி முனையில் உலை. மறு ஆண்டே, 1994 ஜூன் 30ஆம் தேதி, நகருக்குள் கடைசி வண்டி நிலக்கரி மேலே வந்தது. இருநூறு ஆண்டுக்கு மேல் நடந்த தொழில் அன்றோடு முடிந்தது. 1998இல் அங்கிருந்த விட்கோவிட்சே இரும்பாலையின் ஊது உலையும் அணைந்தது. அப்பா, தாத்தா என்று தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கிய குடும்பம், அடுத்த மாதம் என்ன செய்வது என்று கேட்டால் மேயர்தானே பதில் சொல்ல வேண்டும்?

அப்புறம் 2000. செக் நாட்டில் மண்டல ஆட்சி என்பதே அந்த ஆண்டுதான் புதிதாக வந்தது. மொராவிய-சிலேசிய மண்டலத்தின் முதல் தலைவர், அங்கே 'ஹெய்ட்மன்' என்பார்கள், இவர்தான். எப்படிச் செய்வது என்று கேட்க முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் யாரும் கிடையாது. மேல்நிலைப் பள்ளிகள், மருத்துவமனைகள், கிராமத்துச் சாலைகள் ஒவ்வொன்றாக மண்டலத்தின் கைக்கு வந்தன. 2004இல் மோஷ்னோவ் விமான நிலையமும் வந்தது.

இப்போது நோஷோவிட்சேவுக்கு வருகிறேன். பெஸ்கிடி மலையடிவாரத்துச் சின்னக் கிராமம் அது. முட்டைக்கோஸுக்குப் பேர்போனது. அந்த வயல்களைக் கேட்டுத்தான் ஹூண்டாய் வந்தது, நம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் அதே ஹூண்டாய். நிலத்தைச் சேர்த்துத் தொழிற்பேட்டையாக்கும் வேலை மண்டல நிர்வாகத்தின் தலையில் விழுந்தது. சிலர் விற்க மாட்டோம் என்றார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாட்டன் உழுத மண்ணைக் கொடு என்றால் யாருக்குத்தான் வலிக்காது? விற்க மறுத்தவர்களுக்கு மொட்டைக் கடிதத்தில் கொலை மிரட்டல்கூட வந்தது. ஒரு பக்கம் வேலை இல்லாத சுரங்கத்து இளைஞர்கள், இன்னொரு பக்கம் நாற்று நட்ட கை. இரண்டு பேரும் அவருடைய மக்கள். ஐரோப்பிய நாடாளுமன்றம் இயங்கும் பிரஸ்ஸல்ஸில் பதினைந்து ஆண்டு இருந்தும் இப்படி ஒரு தராசை அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை.

கடைசியில் நிலம் கைமாறியது. 2006 நவம்பரில் ஆலை நிர்வாகமும் மண்டல நிர்வாகமும் எதிர்த்து நின்ற குடிமக்கள் அமைப்புகளும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டன. ஹூண்டாய் வந்தது இவர் ஒருவரால் என்று சொன்னால் அது பொய். முதலீட்டு ஒப்பந்தத்தைப் போட்டது தலைநகர் பிராகில் இருந்த சமூக ஜனநாயகக் கட்சி அரசு. இவரோ அதற்கு நேர் எதிரான வலதுசாரி ஓடிஎஸ் கட்சிக்காரர். தேர்தல் ஆண்டு வேறு. எதிர்முகாமுக்கு நல்ல பெயர் கிடைத்துவிடுமே என்று ஃபைலைக் கிடப்பில் போட்டிருக்கலாம். போடவில்லை.

சகோதரி கடைசியாக ஒரு குத்து விட்டார்: "2008இல் அந்த மண்டலமே அவர் கட்சியைத் தோற்கடித்ததே!" ஆமாம், தோற்கடித்தது. ஏன்? டாக்டரைப் பார்க்க 30 கொருனா (செக் நாணயம்) கட்டணம் என்று அந்த ஆண்டு ஜனவரியில் பிராக் அரசு கொண்டுவந்தது. அது இவர் கட்சி தலைமை தாங்கிய அரசு. மக்கள் கொதித்துப்போனார்கள். அக்டோபர் தேர்தலில் பதின்மூன்று மண்டலங்களிலும் சமூக ஜனநாயகக் கட்சிதான் முதலிடம். பதின்மூன்று மண்டலத்துத் தலைவர்களும் ஒரே நேரத்தில் கெட்டுப்போனார்களா என்ன? தலைநகரில் அடித்த புயல் ஊரில் இருந்த மரத்தைச் சாய்த்தது, அவ்வளவுதான்.

தேர்தல் முடிந்தது அக்டோபரில். நோஷோவிட்சே ஆலையில் தொடர் உற்பத்தி தொடங்கியது நவம்பரில். நட்டவர் இறங்கும் நேரத்தில்தான் காய்த்தது, நடுவர் அவர்களே. இன்றைக்கும் காலை ஷிஃப்டுக்கு அந்த வாசலில் நுழைகிறவர்களை மனத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.